பிரெஸ்ட் லிஃப்ட்: தழும்பைக் கொடுத்து வடிவம் வாங்கிய கணக்கு

தொங்கிப்போன மார்பைத் தூக்கி வைக்கிற பிரெஸ்ட் லிஃப்ட் அறுவை முடிந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. மூன்றாவது மாதத்தில் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், ஆறாவது மாதத்தில் எழுதியிருந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன், இப்போதுதான் இரண்டும் அடங்கி ஒரு நிதானம் வந்திருக்கிறது. மருத்துவமனை எது, டாக்டர் யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆளுக்கோ கட்டடத்துக்கோ மார்க் போட வரவில்லை. அந்த அறுவைக்குத்தான் இந்த விமர்சனம்.

முதலில் என் நிலவரம். அப்போது வயது 38, இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் ஏறிய 18 கிலோவில் 16 கிலோவை ஒரு வழியாகக் குறைத்தேன். எடை போனது, கூடவே மார்பும் காற்று இறங்கிய பலூன் மாதிரி ஆகிவிட்டது. மேல் பாதியில் ஒன்றுமே இல்லை, கனம் முழுக்க கீழே. பிராவைக் கழற்றினால் அடியில் தோலோடு தோல் ஒட்டி வேர்வை, அரிப்பு, அவ்வப்போது தடிப்பு. குளித்துவிட்டு வரும்போது கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்வது எப்போது பழக்கமானது என்றே தெரியவில்லை. "இனிமே யாருக்குடி காட்டப் போறே?" என்று அக்காவே கேட்டாள். எனக்குத்தான், வேறு யாருக்கு.

அறுவைக்கு முன்னால் நானும் எல்லோரையும் போல க்ரீமில் பணத்தைக் கரைத்தேன். இறுக்கும், தூக்கும், முப்பதே நாளில் மாற்றம் தெரியும் என்று விற்கிறார்களே, அந்த ரகம். அப்புறம் புஷ்-அப், டம்பெல். யாராவது முதலிலேயே எனக்கு ஒரு படம் போட்டுக் காட்டியிருந்தால் இவ்வளவு நாள் வீணாகியிருக்காது. மார்பகத்தைத் தூக்கிப் பிடிக்க அதற்குள் தசை கிடையாது. சுரப்பியும் கொழுப்பும், அவற்றைத் தோலோடும் பின்னால் உள்ள சவ்வோடும் இழுத்துப் பிடிக்கும் மெல்லிய நார்களும்தான். அந்த நார்களை 1840-ல் விவரித்த ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயராலேயே இன்றும் கூப்பர் தசைநார் என்கிறார்கள், பெயரில் தசை இருக்கிறதே தவிர அதிலும் தசை கிடையாது. நெஞ்சுத் தசை இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. உடற்பயிற்சி செய்தால் அந்தத் தசை வளரும், நல்லதுதான், ஆனால் அதன் மேல் தொங்குவது தொங்கிக்கொண்டேதான் இருக்கும். நீண்டு தளர்ந்துபோன நாரும் தோலும் எந்த க்ரீமுக்கும் சுருங்காது.

இன்னொன்று, தாய்ப்பால் கொடுத்ததால்தான் தொங்கிப்போனது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நானும் அதை நம்பி, சின்னவனுக்கு இரண்டு வருடம் கொடுத்ததை நினைத்து உள்ளுக்குள் ஒரு வருத்தம் வைத்திருந்தேன். அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவர்கள் இதைத் தனியாக ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். வயது, உடல் எடை, எத்தனை முறை கர்ப்பமானோம், கர்ப்பத்துக்கு முன் மார்பகம் எவ்வளவு பெரியதாக இருந்தது, புகைப்பழக்கம் இவைதான் காரணங்களாகத் தெரிந்தன, பால் கொடுத்தது காரணமாகத் தெரியவில்லை. கர்ப்ப காலத்தில் மார்பகம் பெருத்துப் பிறகு சுருங்குவதுதான் வேலையைக் காட்டுகிறது, பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். இதைப் படித்த அன்று மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

சரி, டாக்டர் தேடிய கதைக்கு வருகிறேன். முதலில் போன இடம் பளபளவென்று இருந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஆலோசகர் என்று ஒரு பெண் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார். கம்ப்யூட்டரில் என் படத்தைப் போட்டு, மார்பை நிமிர்த்தி, உருட்டி, தழும்பே இல்லாமல் ஒரு படம் காட்டினார். இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். அப்புறம் வந்த டாக்டர் ஐந்து நிமிடம் இருந்தார், இம்ப்ளாண்ட், அதாவது மார்புக்குள் வைக்கிற சிலிக்கான் பை, வைத்தால் பிரமாதமாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஒரு அளவு நாடா அந்த அறைக்குள் வரவே இல்லை. நானும் யோசித்துச் சொல்கிறேன் என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். அங்கே யாருக்காவது நன்றாக அமைந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அளக்காமல் துணி வெட்டுகிறவரிடம் நான் சட்டைகூடத் தைக்கக் கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது டாக்டர் செய்த முதல் வேலையே அளந்ததுதான். நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கழுத்துக் குழியில் நாடாவின் ஒரு முனையை வைத்து, காம்பு வரை இழுத்தார். இடது 27 சென்டிமீட்டர், வலது 28. "உங்க உயரத்துக்கு இது 21, 22-ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மார்புக்கு அடியில் மடிப்பு விழுகிற கோட்டில் விரலை வைத்துக் காட்டினார். எல்லாம் அந்தக் கோட்டை வைத்துத்தான். காம்பு அந்த மடிப்புக்கு நேராக இருந்தால் லேசான இறக்கம், மடிப்புக்குக் கீழே போயிருந்தாலும் மார்பின் அடிமுனையைவிட மேலே இருந்தால் நடுத்தரம், அடிமுனைக்கே போய்த் தரையைப் பார்த்தால் மூன்றாம் வகை. 1976-ல் ரெக்னோ என்பவர் வகுத்த இந்த முறையைத்தான் இன்றும் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். காம்பு மடிப்புக்கு மேலேயே இருந்து சதை மட்டும் கீழே இறங்கியிருந்தால் அது உண்மையான இறக்கமே இல்லை என்றும், அதற்கு வைத்தியம் வேறு என்றும் சொன்னார். என்னுடையது மூன்றாம் வகை. கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் முதல் முறையாக ஒருவர் என் உடம்பைப் பற்றி அலங்காரம் இல்லாமல் பேசினார், அது பிடித்திருந்தது.

இனி வெட்டு. இந்த விமர்சனத்தில் ஒரு பத்தியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பிரெஸ்ட் லிஃப்ட் என்பது அடிப்படையில் தையல் வேலை. அதிகமாக இருக்கிற தோலை எடுக்க வேண்டும், காம்பை அதன் ரத்த ஓட்டத்தோடும் நரம்போடும் சேர்த்து மேலே நகர்த்த வேண்டும், உள்ளே இருக்கும் சதையை அள்ளி மேலே வைத்துத் தைக்க வேண்டும். எவ்வளவு தோலை எடுக்கிறார்களோ அவ்வளவு தையல், எவ்வளவு தையலோ அவ்வளவு தழும்பு. லேசான இறக்கத்துக்குக் காம்பைச் சுற்றியுள்ள கரிய வட்டத்தின் ஓரத்தோடு முடித்துக்கொள்ளலாம், தழும்பும் நிறம் மாறுகிற இடத்திலேயே ஒளிந்துகொள்ளும். நடுத்தரத்துக்கு அந்த வட்டத்தோடு கீழ்நோக்கி ஒரு நேர்கோடும் சேரும், குச்சி மிட்டாய் வடிவம். என்னைப் போன்ற கேஸுக்கு அதோடு அடிமடிப்பு நெடுக இன்னொரு கோடு, மொத்தத்தில் நங்கூரம். இந்த நங்கூர வெட்டுக்கான வார்ப்பு 1956-ல் ராபர்ட் வைஸ் என்பவர் பிரா வடிவங்களைப் பார்த்து உருவாக்கியது, அதனால் தையல் வேலை என்று நான் சொல்வது வெறும் உவமை இல்லை. சின்ன வெட்டில் பெரிய இறக்கத்தைச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள். வட்டத்தைச் சுற்றி மட்டும் அளவுக்கு மீறித் தோலை எடுத்து இழுத்துத் தைத்தால் அந்த வட்டமே நாளடைவில் விரிந்துபோகும், மார்பு முன்பக்கம் தட்டையாகிவிடும். தழும்பு குறைவு என்ற ஆசையில் வடிவத்தைக் கோட்டைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இருந்த பெரிய தவறான எண்ணம் மேல்பகுதியைப் பற்றியது. தூக்கினால் மேலே நிரம்பி நிற்கும், நல்ல பிரா போட்டால் தெரிகிற மாதிரி, என்று நினைத்திருந்தேன். நிற்காது. ஆரம்பத்தில் நிற்கும், வீக்கம் வடிந்து சதை இறங்கி அமர்ந்ததும் மேல்பகுதி மறுபடி சரிவாகத்தான் வரும், ஏனென்றால் இந்த அறுவையில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். தோல் குறைவதால் பார்வைக்குச் சின்னதாகிவிட்ட மாதிரிகூடத் தெரியும். மேல்பகுதி நிரந்தரமாக நிரம்ப வேண்டுமென்றால் இம்ப்ளாண்ட், இல்லாவிட்டால் உடம்பில் வேறு இடத்துக் கொழுப்பை எடுத்து ஏற்றுவது. இம்ப்ளாண்டை நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. லிஃப்ட் தோலை இறுக்குகிறது, இம்ப்ளாண்ட் அதே தோலை உள்ளிருந்து தள்ளுகிறது, இரண்டையும் ஒன்றாகச் செய்யும்போது சிக்கலுக்கும் மறு அறுவைக்கும் வாய்ப்பு கூடுகிறது. இம்ப்ளாண்ட் ஆயுளுக்கும் நிற்கிற பொருளும் இல்லை, என்றைக்காவது ஒருநாள் மாற்றவோ எடுக்கவோ வேண்டியிருக்கும். மேற்பரப்பு சொரசொரப்பான சில ரகங்களுக்கும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிந்து 2019-ல் அவற்றை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றதும் நினைவில் இருந்தது. வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பவர்களையும் எனக்குத் தெரியும், அது அவரவர் முடிவு. எனக்கு இருப்பது போதும் என்று பட்டது.

தயாரிப்பில் டாக்டர் கறாராக இருந்தது மூன்று விஷயங்களில். எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு வரவேண்டும். இன்னொரு கர்ப்பம் செய்த வேலையைக் கலைத்துவிடும், போதாததற்கு பால் கொடுப்பதிலும் சிக்கல் வரலாம். காம்பை வெட்டித் தனியாக எடுப்பதில்லை என்பதால் பலருக்குப் பிறகும் பால் வரும், ஆனால் பால் குறையாது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. மூன்றாவது, புகை. நான் பிடிப்பதில்லை, ஆனாலும் வீட்டில் யாராவது பிடிக்கிறார்களா என்றுகூடக் கேட்டார். நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இடம் மாற்றிய காம்பு ஒரு பக்கமாக வருகிற ரத்தத்தை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது, அதுவும் சுருங்கினால் காம்பே கருகிப்போகலாம். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் சிகரெட், வேப், நிக்கோடின் சூயிங்கம் எதுவும் கூடாது. இதை மறைத்துவிட்டு மேசையில் போய்ப் படுப்பவர்களும் உண்டு என்று சிஸ்டர் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மாத்திரைப் பட்டியலையும் ஒன்று விடாமல் எழுதிக் கொடுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மட்டும் இல்லை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, மூலிகை மாத்திரை எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டலாம். கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரை ரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்டவை. எதை எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள், குறிப்பாக இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள். அப்புறம் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. எனக்கு நாற்பது ஆகவில்லை, ஆனால் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது என்றதும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தேதியே கொடுத்தார்.

அன்று காலை நடந்ததில் மறக்காதது கோடு போட்டதுதான். படுத்தால் சதை பக்கவாட்டில் சரிந்து அளவெல்லாம் மாறிவிடும் என்பதால் நிற்க வைத்தே வரைவார்கள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்க, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஊதா மார்க்கர் பேனாவால் கழுத்துக் குழியிலிருந்து நேராக ஒரு கோடு, காலர் எலும்பின் நடுவிலிருந்து இன்னொரு கோடு, புதுக் காம்பு வரவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சாவித் துவாரம் மாதிரி ஒரு வடிவம் என்று வரைந்துகொண்டே போனார். நடுநடுவே எழுந்து நாலடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், திரும்பி வந்து ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு கோட்டை அழித்து அரை விரல் கீழே போட்டார். பேனா ஜில்லென்று இருந்தது, எனக்கு ஒரு பக்கம் கூச்சம், ஒரு பக்கம் சிரிப்பு. இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது என்று சொன்னால் மிகையில்லை.

அறுவை முழு மயக்கத்தில், ஏறக்குறைய மூன்று மணி நேரம். விழித்தபோது வலியைவிடக் குமட்டல்தான் தொல்லை. நெஞ்சின் மேல் யாரோ செங்கல் அடுக்கி வைத்த மாதிரி ஒரு இறுக்கம், இரண்டு பக்கமும் சின்ன வடிகுழாய். எல்லா டாக்டரும் குழாய் வைப்பதில்லை, எனக்கு வைத்தார், மறுநாளே எடுத்துவிட்டார். உருவும்போது உள்ளே ஏதோ பாம்பு நழுவுகிற மாதிரி ஒரு உணர்வு, இரண்டு வினாடிதான், ஆனால் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். அன்றே வீட்டுக்கு அனுப்புகிற இடங்களும் உண்டு.

வலி? பிரசவ வலியைப் பார்த்தவளுக்கு இது பெரிய வலி இல்லை. முதல் மூன்று நாள் வலி மாத்திரை நேரத்துக்குப் போட்டேன், ஐந்தாம் நாளோடு சாதாரண பாராசிட்டமாலே போதுமானதாக இருந்தது. வலியைவிடப் பெரிய பாடு கையைத் தூக்க முடியாததுதான். தலைவாரக் கூடாது, மேல் அலமாரியைத் தொடக் கூடாது, 2 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது, ஒருக்களிக்கவும் கூடாது. நான்கு வயது சின்னவன் 15 கிலோ. ஓடி வந்து கையை நீட்டுவான், நான் தரையில் உட்கார்ந்து மடியில் சாய்த்துக்கொள்வேன், தூக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அக்கா பத்து நாள் வந்து இருந்தாள், நாற்காலியில் உட்கார வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாள், "கையைத் தூக்காதேடி, தையல் விட்டுடப் போவுது" என்று நாள் முழுக்க ஒரே பாட்டு. ஆள் துணை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், அதுவும் கைக்குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம், கொஞ்ச காலம் தள்ளிப் போடுங்கள். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் இரண்டு வாரத்தில் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன், ஓட்டம், குதிப்பு, எடை தூக்குவது எல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகுதான். சர்ஜிக்கல் பிரா இரவு பகலாக ஆறு வாரம், கம்பி வைத்த பிரா அதற்கும் ரொம்ப நாள் கழித்து.

கட்டைப் பிரித்து முதல் முறை பார்த்தபோது யாரும் என்னைத் தயார்ப்படுத்தவில்லை என்பதுதான் என் பெரிய குறை. டாக்டர் நல்லவர், கை சுத்தம், ஆனால் இந்த ஒரு விஷயத்தை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். மேல்பகுதி காலர் எலும்பை முட்டுகிற மாதிரி உப்பி, அடிப்பகுதி பலகை மாதிரி தட்டையாக, இரண்டும் இரண்டு திசை பார்த்துக்கொண்டு, வட்டத்தைச் சுற்றித் துணி சுருக்கம் வைத்த மாதிரி மடிப்பு மடிப்பாக. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவ்வளவு செலவு செய்து இதையா வாங்கினோம் என்று. அது அப்படித்தான் இருக்கும். வேண்டுமென்றேதான் உயரமாக வைத்துத் தைக்கிறார்கள், எடை கீழே இறங்க இறங்க அடிப்பகுதி உருண்டு வரும். மூன்றாவது மாதக் கடைசியில்தான் எனக்கு உருவமே வந்தது, ஆறாவது மாதம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருந்தது. யாராவது மூன்று வாரப் படத்தைக் காட்டி நன்றாகவோ மோசமாகவோ சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். டாக்டரிடம் படம் கேட்டால் ஒரு வருடம் ஆன படத்தைக் கேளுங்கள், அதுவும் உங்களைப் போன்ற தோல் நிறமும் உங்களைப் போன்ற இறக்கமும் உள்ளவருடையது.

இரண்டாவது குறை புண். நங்கூர வெட்டில் நேர்கோடும் அடிக்கோடும் சந்திக்கிற முனை இருக்கிறதே, மூன்று பக்கத்துத் தோலும் இழுபடுகிற இடம், ரத்த ஓட்டமும் அங்கேதான் குறைவு. மூன்றாவது வாரம் வலது பக்கம் அந்த முனை பிரிந்து ஒரு நாணயம் அளவுக்குப் புண்ணாகிவிட்டது. மஞ்சளாக நீர் கசிந்தது, நான் பயந்துபோய் ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டு இது அடிக்கடி நடப்பதுதான், மறுபடி தைக்க வேண்டாம், உள்ளிருந்து தானாக மூடிவரும் என்றார். வந்தது, ஆனால் ஐந்து வாரம் ஆனது, தினமும் கழுவி மருந்து வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த இடத்தில் மட்டும் தழும்பு அகலம். இது சின்னச் சிக்கல்தான். பெரியவை வேறு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கிக் கல் மாதிரி இறுகி வலி ஏறினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காம்பு நீலமாகவோ கருப்பாகவோ மாறினாலும் அப்படித்தான். கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், மூச்சுத் திணறல் இதெல்லாம் ரத்தக்கட்டி உருவாவதன் அல்லது நகர்வதன் அடையாளமாக இருக்கலாம், நேராக அவசரப் பிரிவு. ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள் என்று அறுவைக்கு முன்பே கேட்டு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உணர்ச்சியைப் பற்றிப் பேசப் பலரும் கூச்சப்படுகிறார்கள், அதனால் நான் சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரம் இரண்டு காம்பும் மரத்துப்போய், யாருடையதோ மாதிரி இருந்தன. இடது பக்கம் நான்காவது மாதம் சுருக் சுருக்கென்று கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு குத்தலோடு திரும்ப வந்தது, நரம்பு துளிர்க்கும்போது அப்படி இருக்குமாம். வலது பக்கம் வருடம் முடிகிற நேரத்தில்தான் லேசாக எட்டிப் பார்த்தது, முழுதாக வரவில்லை, இனி வருமென்றும் நான் எதிர்பார்க்கவில்லை. சிலருக்கு நிரந்தரமாகவே போய்விடும். அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நீங்களே உட்கார்ந்து யோசித்துக்கொள்ள வேண்டும், கணவரிடம் பேச வேண்டுமென்றால் பேசிவிட வேண்டும்.

தழும்புக்கு வருவோம். மாநிறமும் கருப்பும் ஆன தோலில் தழும்பு தடிக்கவும், கெலாய்டு என்று சொல்கிற மாதிரி எல்லை தாண்டி வளரவும் வாய்ப்பு அதிகம். உடம்பில் எங்காவது, காது குத்திய இடத்திலோ அம்மைத் தழும்பிலோ அப்படி வளர்ந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்று டாக்டரே சொன்னாலும் சொல்வார். எனக்குப் புண் முழுதாக ஆறியதும் சிலிக்கான் பட்டை, ஒரு நாளில் பாதிக்கு மேல் ஒட்டியே இருக்க வேண்டும், மாதக் கணக்கில். வேர்வையில் கழன்று கழன்று விழும், எரிச்சலாக இருக்கும், ஆனாலும் ஒட்டினேன். நான்காவது மாதம்தான் தழும்பு மிக அசிங்கமாக இருந்தது, சிவந்து, தடித்து, அரித்துக்கொண்டு. பிறகு மெல்ல அடங்கியது. இப்போது வட்டத்தைச் சுற்றியுள்ளது தேடினால்தான் தெரியும், நேர்கோடு பழுப்புப் பென்சில் கோடு மாதிரி, அடிமடிப்பில் உள்ளது மடிப்புக்குள்ளேயே மறைந்துவிட்டது, பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. மறையவே மறையாது, மங்கும், அவ்வளவுதான்.

செலவு விஷயத்தில் தொகையைவிட அதற்குள் என்னென்ன அடக்கம் என்பதைத்தான் கேட்க வேண்டும். அறுவை மருத்துவர் கட்டணம், தியேட்டர், மயக்க மருத்துவர், அறை, மருந்து, பிரா, கட்டு மாற்றுவது என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். எல்லாரும் கேட்க மறப்பது மறு அறுவை. ஏதாவது திருத்தம் தேவைப்பட்டால் அது யார் செலவு? என் டாக்டர் தன் கட்டணம் வேண்டாம், தியேட்டர் செலவை மட்டும் கட்டினால் போதும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தார். காப்பீடு பெரும்பாலும் இதை அழகுக்கான அறுவை என்று ஒதுக்கிவிடும். கனம் தாங்காமல் முதுகு, தோள்பட்டை வலி என்று அளவைக் குறைக்கிற அறுவைக்குச் சில இடங்களில் கிடைக்கலாம், வெட்டு ஒரே மாதிரி இருந்தாலும் அது வேறு அறுவை, வேறு கணக்கு. டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையாகப் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரா, மயக்கம் கொடுப்பவர் முழு நேரமும் உடன் இருப்பாரா என்பதைக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். நான் கேட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை, முதல் இடத்தில் அந்த ஆலோசகர் சுளித்தார்.

இப்போது கழுத்துக் குழியிலிருந்து இரண்டு பக்கமும் 22 சென்டிமீட்டர். கடைசி செக்கப்பில் டாக்டர் அளந்தார், வீட்டுக்கு வந்து நானும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டேன். அடியில் தடிப்பு, அரிப்பு எல்லாம் போயே போய்விட்டது, அதற்காகவே இதைச் செய்திருக்கலாம். பிரா இல்லாமல் ராத்திரி நைட்டியோடு வீட்டில் நடமாட முடிகிறது, சின்ன விஷயம்தான், எனக்குப் பெரிது. கப் அளவு ஒன்று குறைந்தது, பழைய பிரா அத்தனையும் வீண். வருடம் முடிந்ததும் புதிதாக மேமோகிராம் எடுத்தேன். உள்ளே தையல் போட்ட இடத்தில் கொழுப்பு இறுகிச் சின்னக் கட்டி மாதிரி தட்டுப்படும், படத்திலும் புள்ளிகள் தெரியும், அதனால் அறுவை நடந்ததை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும், பழைய படத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இடது பக்கம் அப்படி ஒரு கடலை அளவு கட்டி எனக்குத் தட்டுப்பட்டு, ஸ்கேன் முடிவு வரும் வரை நான் பட்ட பாடு தனிக் கதை. கொழுப்புதான் என்று வந்தது.

இனி என்றைக்கும் இப்படியே இருக்குமா என்றால் இருக்காது. வயதும் புவியீர்ப்பும் லீவு போடுவதில்லை, 10 கிலோ ஏறி இறங்கினால் மறுபடி பழைய கதைதான். ஆனால் கீழே இறங்கினாலும் பழைய இடத்திலிருந்து இல்லை, புது இடத்திலிருந்து இறங்கும். நான் பத்துக்கு எட்டு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது வலது காம்புக்காக. இன்னொன்று முதல் மூன்று மாதம் எப்படி இருக்கும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லாததற்காக.

வலது பக்கம் அக்குளுக்குக் கீழே, அடித் தழும்பு முடிகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தோல் கூம்பிக்கொண்டு நிற்கிறது. நாய்க்காது என்கிறார்கள் இதை, தையல் முனையில் துணி புடைக்குமே, அதே மாதிரி. அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். தேதி கொடுத்திருக்கிறார், நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. மறுபடி அந்த ஊதாப் பேனாவைப் பார்க்க இப்போதைக்கு மனசு வரவில்லை.